பூச்சி தின்னும் செடியும் பாதித் தட்டுச் சோதனையும்

பயிரைப் பூச்சி தின்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அதைப் பிடிக்க விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி என்று வயலில் வைக்கிறோம். ஆனால் தன் இலையையே ஒட்டுப்பொறியாக விரித்து வைத்து, பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடிகளும் உலகில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பார்கள்.

அந்தச் செடி உண்மையிலேயே பூச்சியைத் தின்கிறதா? தின்றால் அதற்கு என்ன லாபம்? இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் பல ஆண்டுகள் உழைத்தார். முதல் கேள்விக்கு அவரே விடை கண்டார். இரண்டாவது கேள்விக்கு அவருடைய மகன் சூப் தட்டுகளில் ஒரு சோதனை வைத்து விடை கண்டார். அந்தச் சோதனை, இன்று நீங்கள் கடையில் வாங்கித் தெளிக்கும் ஒவ்வொரு ஊக்கிக்கும் பொருந்தும். அந்த மனிதர் சார்லஸ் டார்வின். உயிரினங்கள் எப்படித் தோன்றின என்று சொன்னவராகத்தான் நமக்கு அவரைத் தெரியும். செடி வளர்த்துப் பார்த்த டார்வினைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம்.

டாக்டராகப் போனவர்

டார்வின் 1809 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற மருத்துவர். மகனையும் மருத்துவராக்க எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. நோயாளி அலற அலற நடக்கும் அறுவை சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் இளைஞர் படிப்பை விட்டுவிட்டார். பிறகு பாதிரியாராகலாம் என்று கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே வண்டு பிடிப்பதிலும் செடி பார்ப்பதிலும்தான் மனம் போனது. 1831-ல் 'பீகிள்' என்ற கப்பலில் ஏறியவர், உலகைச் சுற்றிவிட்டு 1836-ல் திரும்பினார்.

1839-ல் மாமன் மகள் எம்மாவை மணந்தார். 1842-ல் லண்டன் நகரை விட்டு, கென்ட் மாவட்டத்தின் டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார். அதன் பிறகு சாகும் வரை 40 ஆண்டுகள் அதுவே அவர் ஊர். வாந்தி, நெஞ்சுப் படபடப்பு என்று உடல்நலம் அவரைப் படுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாளில் சில மணி நேரம்தான் வேலை செய்ய முடியும். வீட்டைச் சுற்றியிருந்த தோட்டமும் பிறகு கட்டிய கண்ணாடிக் குடிலும்தான் அவருடைய ஆராய்ச்சி நிலையம்.

56 இலைகளில் 31

1859-ல் அவருடைய உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளியாகி, நாடெங்கும் வாக்குவாதம் நடந்தது. அடுத்த ஆண்டு கோடையில் குடும்பத்தோடு சசெக்ஸ் பகுதியிலுள்ள ஹார்ட்ஃபீல்டில், எம்மாவின் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். அருகில் ஈரமான தரிசு நிலம். அதில் ட்ரோசீரா என்ற சிறு செடி பாசியோடு பாசியாக வளர்ந்திருந்தது. வட்டமான இலை. இலை முழுவதும் சிவந்த மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பனித்துளி போலப் பசைத்துளி. வெயில் ஏறினாலும் காயாது. அந்த இலைகளில் ஏராளமான பூச்சிகள் ஒட்டிச் செத்துக் கிடந்தன.

செடியில் பூச்சி ஒட்டுவது அதுவரை யாரும் அறியாத செய்தியல்ல. டார்வின் செய்தது வேறு. அவர் எண்ணினார். கைக்கு வந்தபடி 12 செடிகளைப் பறித்தார். நன்கு விரிந்த இலைகள் 56 இருந்தன. அவற்றில் 31 இலைகளில் பூச்சியோ அதன் மிச்சமோ இருந்தது. பாதிக்கு மேல்! தற்செயலாக ஒட்டிக்கொண்டது என்றால் இவ்வளவு இருக்குமா என்ற ஐயம் அவருக்கு வந்தது. பின்னாளில் இலை மயிர்களையும் எண்ணினார். 31 இலைகளில் எண்ணியபோது ஓர் இலைக்குச் சராசரியாக 192 மயிர்கள் இருந்தன.

பூச்சி இலையில் உட்கார்ந்ததும் நடப்பது இதுதான். பசையில் கால் சிக்கும். அருகிலுள்ள மயிர்கள் பூச்சியை நோக்கி வளையத் தொடங்கும். ஒரு மணி முதல் 4, 5 மணி நேரத்துக்குள் எல்லா மயிர்களும் விரல்கள் மூடுவது போல அதன் மேல் கவிந்துவிடும். பசை பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைப்பதால் கால் மணி நேர அளவில் அது செத்துவிடும். சில நாள் கழித்து மயிர்கள் மீண்டும் நிமிரும். அப்போது சக்கைதான் மிஞ்சியிருக்கும்.

அந்த ஆண்டு மகள் ஹென்ரியட்டாவுக்கு உடம்பு சரியில்லை. அவளுக்காகக் கடற்கரை ஊரான ஈஸ்ட்போர்னில் தங்கியபோதும் டார்வின் செடிகளை விடவில்லை. கடைசியில் இதை ஒரு மிருகம் என்றே நிரூபித்துவிடுவார் போலிருக்கிறது என்று எம்மா கேலியாக எழுதினார். டார்வினோ, உலகிலுள்ள எல்லா உயிர்களின் தோற்றத்தையும் விட இந்தச் செடிமீதுதான் இப்போது தமக்கு அக்கறை என்று நண்பருக்குக் கடிதம் போட்டார்.

எதைக் கொடுத்தால் இலை மூடும்?

வேளாண்மை படித்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். இலையின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பால், முட்டை வெள்ளைக்கரு, இறைச்சிச் சாறு, எச்சில், சிறுநீர் ஆகியவை ஒரு பக்கம். சர்க்கரைக் கரைசல், மாவுக் கஞ்சி, கோந்து, ஆலிவ் எண்ணெய், நீர்த்த சாராயம், தேயிலைச் சாறு ஆகியவை மறுபக்கம்.

முதல் வரிசையில் உள்ளவற்றை 64 இலைகளில் வைத்தார். 63 இலைகள் மூடின. இரண்டாவது வரிசையை 61 இலைகளில் வைத்தார். அவை அசையவில்லை. இரண்டு வரிசைக்கும் என்ன வேறுபாடு? முதல் வரிசையில் தழைச்சத்து உண்டு, இரண்டாவதில் இல்லை அல்லது செடி எடுக்கும் வடிவில் இல்லை. பச்சைப் பட்டாணி வேகவைத்த நீருக்குக்கூட இலை நன்றாக மூடியது. பருப்பு வகையில் புரதம் உண்டு, புரதத்தில் தழைச்சத்து உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இதற்குக் காரணம் அந்த மண். ட்ரோசீரா வளரும் சதுப்பு நிலம் அமிலத்தன்மை உள்ளது, தழைச்சத்து மிகவும் குறைந்தது. செடியின் வேரும் பெயருக்குத்தான். அரை அங்குலம், ஓர் அங்குல நீளத்தில் இரண்டு மூன்று இழைகள். அவை தண்ணீர் உறிஞ்சத்தான் பயன்படுகின்றன. வேர் வழியாகக் கிடைக்காத சத்தை இலை வழியாகச் சம்பாதிக்கிறது இந்தச் செடி. இலைவழி உரமிடலைச் செடி தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

அம்மோனிய உப்புகளையும் சோதித்தார். கார்பனேட்டைவிட நைட்ரேட்டுக்கும், நைட்ரேட்டைவிட பாஸ்பேட்டுக்கும் இலை அதிகமாக அசைந்தது. நாம் போடும் டி.ஏ.பி.யும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்ததுதான். ஒரு கிராம் உப்பை ஏறக்குறைய 30 கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு, ஒரு மயிரை வளைக்கப் போதுமானதாக இருந்தது. இந்த அளவைக் கண்டு டார்வினே நம்பவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே வெறும் காய்ச்சி வடித்த நீரில் சில இலைகளைப் போட்டு, தண்ணீரால் மட்டும் இலை அசைகிறதா என்றும் பார்த்துக்கொண்டார். இந்தத் தண்ணீர் இலைகளை நினைவில் வையுங்கள். கடைசியில் இவற்றிடம் திரும்ப வருவோம்.

நல்ல பாம்பின் விஷத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. இந்தியாவில் பாம்பு விஷத்தை ஆராய்ந்த டாக்டர் ஃபேரர் உலர்ந்த விஷத்தைக் கொடுத்தார். செடி சாகவில்லை. அதையும் ஓர் உணவு போல ஏற்று மயிர்களை வளைத்தது.

இலைக்குள் ஒரு வயிறு

இலை மூடினால் மட்டும் அது தின்கிறது என்றாகிவிடாது. செரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகவைத்த முட்டை வெள்ளைக்கருவைச் சிறு சிறு சதுரத் துண்டுகளாக வெட்டி இலையில் வைத்தார். முதலில் துண்டின் கூரிய மூலைகள் மழுங்கின. பிறகு துண்டே கரைந்து மறைந்தது. ஈரப் பாசியின் மேல் வைத்த துண்டோ அழுகியதே தவிர, அப்படிக் கரையவில்லை.

இலை சுரக்கும் நீரில் அமிலம் இருப்பதைக் கண்டார். உடனே சிறிது காரத்தைச் சேர்த்து அந்த அமிலத்தை முறித்தார். செரிமானம் நின்றது. மறுபடி கொஞ்சம் அமிலம் சேர்த்தார். செரிமானம் தொடர்ந்தது. நம் இரைப்பையில் அமிலமும் பெப்சின் என்ற நொதியும் சேர்ந்து இறைச்சியைக் கரைப்பது போலவே இலையிலும் நடக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. கொழுப்பையும் மாவுப்பொருளையும் அந்த நீர் தொடவில்லை.

அவசரப்படாதவர்

இவ்வளவையும் 1860-லேயே தொடங்கியவர், நூலை 1875-ல்தான் வெளியிட்டார். இடையில் வேறு நூல்கள், நோய், குடும்பக் கவலைகள். 1872-ல் மீண்டும் முழுமூச்சாக ட்ரோசீராவிடம் வந்தார். அந்தத் தாமதம் நல்லதாகவே முடிந்தது என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நெடுநாள் கழித்துப் பார்க்கும்போது, தன் வேலையையே பிறர் வேலை போலக் குறை கண்டு திருத்த முடிகிறது என்பது அவர் கருத்து.

நூலில் மற்றச் செடிகளும் உண்டு. அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரத்தில் மட்டும் இயற்கையாக வளரும் வீனஸ் ஈப்பொறி அவற்றில் ஒன்று. இதன் இலை புத்தகம் போல இரண்டாக மடியும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று உணர்மயிர்கள். சிறிது நேரத்துக்குள் இரண்டு முறை தொட்டால்தான் இலை சட்டென்று மூடும். ஒரு முறை மழைத்துளி விழுந்தால் மூடாது. டார்வின் கேட்டுக்கொண்டதால் பர்டன் சாண்டர்சன் என்ற உடலியல் அறிஞர் 1873-ல் இந்த இலையைச் சோதித்து, நம் தசை சுருங்கும்போது போலவே அதிலும் மின்மாற்றம் ஓடுவதைக் கண்டார்.

இன்னொன்று யூட்ரிகுலேரியா என்னும் பைச்செடி. நம் குளங்களிலும் தண்ணீர் தேங்கிய நெல்வயல்களிலும் மஞ்சள் பூவோடு மிதக்கும் சில செடிகள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் நீருக்கடிப் பகுதியில் கடுகளவுப் பைகள் இருக்கும். நீர்ப்பூச்சிகள் தலையால் முட்டிக் கதவைத் திறந்து உள்ளே போய் மாட்டிக்கொள்கின்றன என்று டார்வின் நினைத்தார். அமெரிக்காவில் இதைக் கவனித்துவந்த மேரி ட்ரீட் என்ற பெண்மணியோ, பூச்சியைப் பை உள்ளே இழுத்துக்கொள்வது போலத் தெரிகிறது என்றார். பிற்கால ஆராய்ச்சியில் அந்த அம்மையார் பார்த்ததே சரி என்று தெரிந்தது. பை உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, உறிஞ்சத் தயாராகக் காத்திருக்கிறது. கதவு மயிரைப் பூச்சி தொட்டால், கண் இமைக்கும் நேரத்தைவிட வேகமாகத் தண்ணீரோடு பூச்சியையும் உறிஞ்சிவிடுகிறது.

விட்டுப்போன கேள்வி

1875-ல் நூல் வெளிவந்ததும் ஒரு மறுப்பு எழுந்தது. செடி பூச்சியைப் பிடிக்கிறது, சரி. செரிக்கிறது, அதுவும் சரி. ஆனால் அதனால் செடிக்குப் பயன் உண்டு என்பதற்கு நேரடிச் சான்று எங்கே? பூச்சி பிடிக்காமலே அது நன்றாக வளரலாமே? கேள்வி நியாயமானது. 15 ஆண்டு உழைப்பில் இந்த ஓர் இடம் காலியாகவே இருந்தது.

அதை நிரப்பியவர் மகன் பிரான்சிஸ். மருத்துவம் படித்தவர், ஆனால் மருத்துவராகத் தொழில் செய்யவில்லை. 1876-ல் பிரசவத்தின்போது மனைவி இறந்துவிட, கைக்குழந்தையோடு தந்தையின் வீட்டுக்கே வந்து சேர்ந்து, அவருக்கு உதவியாக இருந்தார்.

1877 கோடையில் ஏறக்குறைய 200 ட்ரோசீரா செடிகளைக் கொண்டுவந்து, சூப் ஊற்றும் குழிவான தட்டுகளில் பாசி பரப்பி நட்டார். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் சிறு மரத்தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு மட்டும் வறுத்த இறைச்சித் துணுக்கு. ஒரு துணுக்கின் எடை ஒரு மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். மறு பாதிக்கு ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பூச்சி வந்து பட்டினிச் செடிக்கு உணவாகிவிடக் கூடாதே! அதனால் எல்லாத் தட்டுகளையும் மெல்லிய வலைத்துணிக் கூண்டுக்குள் வைத்தார். ஒரே தட்டு, ஒரே பாசி, ஒரே தண்ணீர், ஒரே வெளிச்சம். வேறுபாடு இறைச்சி மட்டும்.

கோடை முடிந்ததும் எண்ணி எடை போட்டார். பட்டினிச் செடிகளின் அளவை 100 என்று வைத்தால், உணவு பெற்ற செடிகளின் கணக்கு இது:

பூந்தண்டு நீங்கலாகச் செடியின் எடை 121
பூந்தண்டுகளின் எண்ணிக்கை 165
விதைக்காய்களின் எண்ணிக்கை 194
விதைகளின் மொத்த எண்ணிக்கை 241
விதைகளின் மொத்த எடை 380

இந்தக் கணக்கை மேலிருந்து கீழாக இன்னொரு முறை பாருங்கள். செடியின் எடையை மட்டும் பார்த்திருந்தால், ஏதோ ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். விதையை எடை போட்டபோதுதான் நான்கு மடங்கை நெருங்கும் வேறுபாடு தெரிந்தது. செடி தின்றதை இலைக்கு அல்ல, பெரும்பாலும் விதைக்கே செலவழித்திருக்கிறது. 1878-ல் பிரான்சிஸ் இந்த முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் நடந்த சோதனையும் இதையே காட்டியது. மறுப்புக்கு விடை கிடைத்துவிட்டது.

தந்தைக்கு அது பெரிய நிறைவு. கடைசி நூலாக மண்புழுக்களைப் பற்றி 1881-ல் எழுதினார். அதிலும் அதே பொறுமைதான். 1842 டிசம்பரில் ஒரு வயலில் பரப்பிய சுண்ணாம்புக் கட்டிகளை 29 ஆண்டு கழித்து 1871-ல் தோண்டிப் பார்த்தார். புழுக்கள் மேலே கொண்டுவந்து கொட்டிய மண்ணால் அவை 7 அங்குல ஆழத்துக்குப் போயிருந்தன. 1882 ஏப்ரல் 19 அன்று டவுன் வீட்டிலேயே டார்வின் காலமானார். பூச்சி உண்ணும் செடிகள் பற்றிய நூலின் இரண்டாம் பதிப்பை, மகன் தன் தட்டுச் சோதனையையும் சேர்த்து 1888-ல் கொண்டுவந்தார்.

உங்கள் வயலில்

இந்தச் செடிகளை வளர்த்துப் பூச்சியைக் கட்டுப்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. முடியாது. சத்துள்ள வயல் மண்ணும் உரமும் இவற்றுக்கு ஆகாது. பிடிப்பதும் கொசு, சிறு ஈ போன்றவற்றைத்தான். நம் மலைப்பகுதிகளிலும் ஈர மணற்பாங்கான சில இடங்களிலும் ட்ரோசீரா இனங்கள் தாமாகவே வளர்கின்றன. கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிடுங்க வேண்டாம்.

எடுத்துக்கொள்ள வேண்டியது பாதித் தட்டை. பஞ்சகவ்யா, மீன் அமிலம், நுண்ணூட்டக் கலவை, வளர்ச்சி ஊக்கி என்று ஏதாவது ஒன்றை வயல் முழுவதும் தெளிக்கிறோம். பயிர் பச்சை கட்டுகிறது. மருந்தால் வந்ததா, இரண்டு நாள் முன்பு பெய்த மழையால் வந்ததா, மேலுரத்தால் வந்ததா? ஒப்பிட்டுப் பார்க்க வயலில் ஓர் அடி இடமும் விடவில்லை என்றால் யாராலும் சொல்ல முடியாது. விற்றவராலும் முடியாது, என் போன்ற விஞ்ஞானியாலும் முடியாது. பணம் மட்டும் ஒவ்வொரு பருவமும் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். ஒரே ரகம், ஒரே நாள் நடவு, ஒரே பாசனம் உள்ள வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் இரட்டை இரட்டையாக மூன்று இடங்களில் குச்சி நடுங்கள். ஒவ்வோர் இரட்டையிலும் ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு அதே அளவு வெறும் தண்ணீர். டார்வினின் தண்ணீர் இலைகள் இவைதான். வரப்போரத்தை ஒட்டி வைக்க வேண்டாம். ஒன்றின் தெளிப்பு மற்றதில் படாதபடி இடைவெளி விடுங்கள். மற்ற எல்லாப் பணியும் எல்லாத் திடலுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தூர் எண்ணுங்கள், கதிர் எண்ணுங்கள். அறுவடையைத் தனித்தனியே அடித்து, காயவைத்து, தானியத்தை எடை போடுங்கள். பச்சையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று இடத்திலும் மருந்து போட்ட பக்கமே கூடுதல் எடை தந்து, அந்தக் கூடுதலின் விலை மருந்துச் செலவைத் தாண்டினால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விரிவாக்கப் பணியில் உள்ளவர்கள் செயல்விளக்கத் திடல் போடும்போது, பக்கத்தில் தெளிக்காத திடல் ஒன்றையும் கட்டாயம் விடச் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் முன்னிலையில் இரண்டையும் அறுத்து, அங்கேயே தராசில் வையுங்கள். இதற்குத் தேவை நாலு குச்சி, கொஞ்சம் கயிறு, ஒரு தராசு, ஒரு நோட்டுப் புத்தகம். பிரான்சிஸுக்குச் சூப் தட்டே போதுமானதாக இருந்தது.